ஆஸ்பத்திரி வாத்துகள்

செம்மேட்டுக்கு இப்போது வாரந்தவறாமல் முட்டை லாரி வருகிறது. அடிவாரத்துப் பண்ணையில் கிளம்பி, அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, அட்டைத் தட்டில் இருக்கும் முட்டை ஒன்றுகூட உடையாமல் வந்து இறங்குகிறது. போன மாதம் தாய்சேய் விடுதியில் வேலை பார்க்கும் நர்சுப் பெண்கள் இரண்டு பேர் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். பேச்சுவாக்கில் ஒருத்தி கேட்டாள்.

"ஏனுங்கம்மா, லாரி இல்லாத காலத்துல பிரசவ வார்டுக்கு முட்டைக்கு என்ன பண்ணுனீங்க?"

"வாத்து வளர்த்தோம்" என்றேன்.

இருவரும் சிரித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள் என்றுதான் அவர்கள் என்னை அறிவார்கள். என் வேலையில் பாதிக்கு மேல் வாத்துக் கொட்டகையில் கழிந்தது என்று சொன்னதும் நம்ப முடியாமல் பார்த்தார்கள். எழுதி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எழுதுகிறேன். அந்தக் காலம் திரும்பி வரவேண்டும் என்ற ஆசை எனக்குக் கிடையாது. முட்டை லாரியின் ஹாரன் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் சேந்தமங்கலத்துக்குப் பக்கம். காடும் கிணறும் இருந்த குடும்பம். சேலத்து வியாபாரி ஒருவர், பிரசவத்தில் இறந்துபோன தன் மகளின் நினைவாக இந்த மலைமேல் திண்ணனூர் நாட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி கட்டினார்; இங்கே சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம். என் வீட்டுக்காரர் அங்கே வாட்ச்மேனாகச் சேர்ந்தார். அவரோடு நானும் மலையேறினேன். வெள்ளைக்காரர் ஆட்சி நடந்த காலம். மேலே வர ரோடு கிடையாது. கல்லும் வேருமான ஒற்றையடிப் பாதைதான். ஆயா வேலை கற்றுக்கொண்டதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெந்நீர் போட்டேன், துணி அலசினேன், அழுகிற பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு வருஷத்தில் ஆயா ஆகிவிட்டேன்.

டாக்டரம்மா தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பட்டணத்தில் படித்தவர். ஒல்லியான உடம்பு, எப்போதும் கைத்தறிப் புடவை. எதையும் பார்த்தவுடன் பேசமாட்டார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார். பிறகு ஒரு கேள்வி கேட்பார். தெரியாததைத் "தெரியலை, பார்ப்போம்" என்று சொல்ல அவருக்குக் கூச்சமே கிடையாது. அடுத்தவர் எதிரில் யாரையும் திட்டியதில்லை. திட்ட வேண்டியிருந்தால் மருந்து அறைக்குப் பின்னால் கூப்பிட்டு, "மோர் குடிக்கிறியா?" என்று கேட்டு ஒரு டம்ளர் மோரைக் கையில் கொடுப்பார். அதைக் குடித்து முடிப்பதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவார். அதனால் எங்கள் ஆஸ்பத்திரியில் மோர் என்றாலே எல்லோரும் நழுவப் பார்ப்பார்கள். கம்பவுண்டர் ஒருவர் வெயில் காலத்தில்கூட மோர் குடிப்பதை விட்டுவிட்டார்.

அப்போது மலைப்பெண்கள் பிரசவத்துக்கு வரும்போது உடம்பில் ரத்தமே இருக்காது. கண்ணிமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளைத் துணி மாதிரி இருக்கும். சாமையும் கேழ்வரகும் தின்று, மேடும் பள்ளமும் ஏறி இறங்கி உழைக்கிறவர்கள். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு முட்டையாவது தினம் கொடுக்க வேண்டும் என்பது டாக்டரம்மாவின் பிடிவாதம். ஆரம்பத்தில் கோழிதான் வளர்த்தோம். ஒரு வைகாசியில் வெள்ளைக் கழிச்சல் வந்தது. மலை முழுக்கக் கோழிகள் கொத்துக் கொத்தாக விழுந்தன. எங்கள் கொட்டகையிலும் ஒன்று மிஞ்சவில்லை.

காலியான கொட்டகை முன்னால் டாக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ராசம்மா, கீழே உங்க ஊர்ல அறுப்பு முடிஞ்ச வயல்ல வாத்து மேய்க்கறாங்களே, அதுக்கு இந்தச் சீக்கு வருதா?"

"கோழி செத்த வருஷங்கூட வாத்து நல்லா இருந்துச்சுங்கம்மா" என்றேன். என் அப்பா வயலில் வாத்துக்காரர்கள் கிடை போட்டதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் நான்.

"அப்ப வாங்கிட்டு வா."

அவ்வளவுதான் உத்தரவு. நானும் என் வீட்டுக்காரரும் மலையிறங்கிப் போய், வாத்துக்காரர் ஒருவரிடம் முட்டையிடும் பருவத்துக் குமரிகளாகவும், கூடச் சில ஆண் வாத்துகளாகவும் பார்த்து வாங்கினோம். கோழியைப் போலக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினால் வாத்துக்குக் கால் பிசகிவிடும், கழுத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும் என்று அந்த மனிதர் காட்டிக்கொடுத்தார். மூங்கில் கூடைகளில் வைத்துத் தலைச்சுமையாக ஏற்றினோம். ஏற ஏறக் கூடைக்குள் அத்தனையும் கத்தின. எதிரில் மிளகுச் சுமையோடு இறங்கி வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

வாத்து வளர்ப்பதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஆனால் சிலதைத் தவறவிட்டால் முட்டை கிடைக்காது. வாத்து விடியற்காலையில் முட்டையிடும். விடிந்ததும் திறந்துவிட்டால் ஓடைக்கரையிலும் புதரிலும் போட்டுவிட்டு வந்துவிடும், கீரி தின்றுவிடும். அதனால் வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் கதவைத் திறப்பேன். தண்ணீரில் வாழ்கிற பறவை என்று பெயர்தானே தவிர, படுக்கிற இடம் ஈரமாக இருந்தால் அதற்கு ஆகாது. சாமை வைக்கோலை வெயிலில் காயவைத்துப் பரப்புவேன். தீனி வைக்கும்போது பக்கத்திலேயே மூக்கு முழுகுகிற ஆழத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். ஒரு வாய் தவிடு, ஒரு வாய் தண்ணீர் என்றுதான் அது தின்னும். எல்லாவற்றுக்கும் மேலே, அதை மிரட்டக்கூடாது. நாய் துரத்திய மறுநாள் கூடையில் ஒரு முட்டைகூட இருக்காது. நான் கொட்டகைக்குள் ஓடியதே இல்லை. இன்றைக்கும் என் நடை மெதுவாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்று என் மகள் கேலி செய்வாள்.

அந்தச் சாதி வாத்து அடை உட்காராது. முட்டையிடுவதோடு தன் வேலை முடிந்தது என்று போய்விடும். கழிச்சலில் தப்பிய அடைக்கோழி யார் வீட்டிலாவது இருந்தால் இரவல் வாங்கி வருவேன். கோழிக்குஞ்சை விட வாத்துக்குஞ்சு பொரிய இன்னும் ஒரு வாரம் கூடுதலாக ஆகும். கோழிக்குப் பொறுமை போய் எழுந்து நடக்கப் பார்க்கும். பொரிகடலை காட்டிக் கெஞ்சி உட்கார வைக்க வேண்டும். கையை நனைத்து முட்டைகளின் மேல் தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓடு காய்ந்து குஞ்சு உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

முட்டை வந்தது. தின்னத்தான் ஆளில்லை. "வாத்து முட்டை குளிர்ச்சிங்க. பச்சை உடம்புக்காரிக்குக் குடுத்தா ஜன்னி வந்துரும்" என்றார்கள். குப்பாயி என்ற கிழவி, மருமகளின் கட்டிலுக்குக் குறுக்கே கையை நீட்டிக்கொண்டு நின்று முட்டைத் தட்டை உள்ளே விடவில்லை. கம்பவுண்டர் குரலை உயர்த்தினார். டாக்டரம்மா அவரைத் தடுத்துவிட்டுக் கிழவியிடம் கேட்டார்.

"சரிங்க ஆத்தா. குளிர்ச்சின்னே வெச்சுக்குவோம். சூடு பண்ண என்ன சேர்க்கணும்?"

கிழவி இதை எதிர்பார்க்கவில்லை. கையை இறக்கி யோசித்தாள்.

"மொளகு சேர்த்தா சூடுதானுங்க. சீரகம், ஒரு பல்லுப் பூண்டு…"

"நீங்களே பண்ணிக் குடுங்களேன். அடுப்பு அங்க இருக்கு."

குப்பாயி எங்கள் சமையல்கட்டில் புகுந்து, இந்த மலை மிளகை அரைத்துப் போட்டு வறுத்துக் கொடுத்தாள். வார்டு முழுக்க வாசனை. அதற்குப் பிறகு யாரும் மறுக்கவில்லை. பொரியல் காரமாக இருந்ததால் ருசி பார்த்த டாக்டரம்மாவுக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்தது.

ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை முட்டை சரி, வீட்டுக்குப் போன பிறகு என்ன செய்வார்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. கேட்கிற தாய்க்கு ஆணும் பெண்ணுமாக இரண்டு வாத்துகளைக் கூடையில் வைத்து அனுப்ப ஆரம்பித்தோம். புறக்கடையில் ஒரு மூங்கில் பட்டி போதும். திண்ணனூர் நாட்டிலும் தேவனூர் நாட்டிலும் ஓடை ஓரத்துக் குடிகள் பலவற்றில் எங்கள் வாத்துகள் திரிந்தன. அவற்றைப் போய்ப் பார்த்து வருவதும் என் வேலை ஆயிற்று. வாத்தைப் பார்க்கிற சாக்கில் பிள்ளையையும் தாயையும் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது டாக்டரம்மாவின் கணக்கு.

இனி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

வாத்து கொடுக்க ஆரம்பித்துச் சில வருஷம் கழித்து ஒரு தடவை மழை பொய்த்துவிட்டது. ஆடி மாதத்திலும் ஓடைகள் சின்னச் சின்னக் குட்டைகளாகக் கிடந்தன. ஒரு நாள் காலையில் டாக்டரம்மா வார்டைச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது தேவனூர் நாட்டிலிருந்து பொன்னுசாமி என்பவர் மூச்சு வாங்க வந்தார். அவர் மனைவி வெள்ளையம்மா எங்களிடம் பிள்ளை பெற்றவள். நாங்கள் கொடுத்த இரண்டு வாத்துகளைப் பத்துப் பன்னிரண்டாகப் பெருக்கி வைத்திருந்த கெட்டிக்காரி. பொன்னுசாமி துண்டை அவிழ்த்து ஒரு வாத்தை மேஜைமேல் வைத்தார். அதன் கழுத்து நனைந்த கயிறு மாதிரி மேஜை விளிம்பில் தொங்கியது.

"செத்துப்போச்சா?" என்றார் கம்பவுண்டர்.

டாக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு மனிதருக்கு வைக்கிற குழாயை எடுத்து அதன் நெஞ்சில் வைத்துக் கேட்டார். தலையைத் தூக்கி நிறுத்திக் கையை எடுத்தார். அது சரிந்து விழுந்தது. ஆனால் கண் அவரையே பார்த்தது.

"உயிர் நல்லா இருக்கு. புத்தியும் தெளிவா இருக்கு. கழுத்துலயும் காலுலயும்தான் பலமே இல்லை. எத்தனைக்கு இப்படி?"

"ஒண்ணத் தவிர எல்லாத்துக்குமேங்க" என்ற பொன்னுசாமி, கீழே உட்கார்ந்துவிட்டார். "சடையன் வெஷம் வெச்சுட்டானுங்க."

சடையன் அவர்களுக்கு அடுத்த வயல்காரர். தனிக்கட்டை. முன்கோபக்காரர். ஊரில் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் இல்லை. தண்ணீர் இல்லாத அந்த வருஷத்தில் ஊற்று நீரைக் கையால் இறைத்து நாற்று விட்டிருந்தார். வெள்ளையம்மாவின் வாத்துகள் புகுந்து நாற்றங்காலை மிதித்து நாசம் பண்ணிவிட்டன. ஊர் நடுவில் நின்று, "இன்னொருக்கா கால் வெச்சுதுன்னா எட்டிக்கொட்டைய அரைச்சு வெச்சுக் கொன்னுபோடுவேன்!" என்று கத்தியிருக்கிறார். நாலே நாளில் வாத்துகள் விழுந்துவிட்டன.

"நாளைக்கு மத்தியானம் ஊர் கூடுதுங்க. அவன ஒதுக்கி வெக்கறதுன்னு பேச்சு" என்றார் பொன்னுசாமி. ஒதுக்கி வைத்தால் யாரும் நெருப்புக்கூடத் தரமாட்டார்கள். ஊற்றில் தண்ணீர் எடுக்க முடியாது. செத்தால் தூக்க ஆள் வராது. அந்த மலையில் அப்படி ஒரு தனி மனிதன் ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவது கஷ்டம். பொன்னுசாமி தலையைக் குனிந்துகொண்டு இன்னொன்றும் சொன்னார். "பொம்பளைங்க எல்லாம் பயந்து கெடக்கறாங்க. வாத்த வாங்கப் போய்த்தான் ஊருக்குள்ள வெஷம் வந்துச்சு, எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துருவோம், அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே போக வேண்டாங்கறாங்க."

வார்டில் அன்றைக்கு வலி எடுத்தவர்கள் யாரும் இல்லை. டாக்டரம்மா கம்பவுண்டரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, பேதி உப்பு டப்பாவையும், குழந்தைகளுக்குப் பால் புகட்டுகிற பாலாடைகள் அத்தனையையும் எடுத்துப் பையில் போடச் சொன்னார். நடந்தோம்.

வெள்ளையம்மாவின் புறக்கடையில் வாத்துகள் சாக்கின்மேல் வரிசையாகக் கிடந்தன. ஒன்றுக்கும் தலை நிற்கவில்லை. சுற்றி நின்ற கூட்டம் தொட அஞ்சி எட்டியே நின்றது. கூட்டத்துக்கு வெளியே, பலாமரத்தடியில் தனியாக ஒரு மனிதர் குந்தியிருந்தார். நரைத்த தாடி, கரும்பாறை மாதிரி தோள். அவர்தான் சடையன் என்று யாரும் சொல்லாமலேயே தெரிந்தது.

ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் வயதானவர், நிதானமாகப் பேசுகிறவர். டாக்டரம்மா அவரைக் கேட்டார்.

"எட்டிக்கொட்டை தின்ன நாயைப் பார்த்திருக்கீங்களா?"

"பார்த்திருக்கேனுங்க. வெட்டி வெட்டி இழுக்கும். கட்டையாட்ட வெறைச்சுப் போயிருமுங்க."

"இதைத் தொட்டுப் பாருங்க."

கவுண்டர் தயங்கிக் குனிந்து ஒரு வாத்தின் கழுத்தைத் தொட்டார். வாழைத்தண்டு நாரைப் போலத் துவண்டது.

"வெறைக்கலைங்களே."

"இது வேற. கெட்டுப்போன எதையோ தின்னுருக்கு. என்னன்னு தெரியலை. பார்ப்போம்."

எல்லாம் விழுந்த இடத்தில் ஒன்று மட்டும் பட்டிக்குள் நின்றுகொண்டிருந்தது. காலில் முள் குத்தியதால் ஐந்தாறு நாளாக வெள்ளையம்மா அடைத்து வைத்திருந்த ஆண் வாத்து. இதை மட்டும் வெளியே விடவில்லை, இது மட்டும் நன்றாக இருக்கிறது. வாத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒன்று, அது பழகிய மேய்ச்சல் இடத்தை மறக்காது.

"அம்மா, இதைத் திறந்து விடட்டுங்களா? எங்க போகுதுன்னு பார்க்கலாம்" என்றேன். டாக்டரம்மா தலையாட்டினார்.

கதவைத் திறந்தேன். அது வெளியே வந்து கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, நொண்டிக்கொண்டே நடந்தது. நான் என் மெதுவான நடையில் பின்னால் போனேன். எனக்குப் பின்னால் ஊரே வந்தது. வாத்து சடையனின் வயல் பக்கம் திரும்பியபோது கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் அது வயலுக்குள் இறங்கவில்லை. வரப்போடு போய், ஓடைக்குள் இறங்கி, கோரைப்புல் மண்டிய ஒரு குட்டையைப் பார்த்து விரைந்தது. நாற்றம் அதற்கு முன்பே எங்களுக்கு எட்டிவிட்டது. நான் பாய்ந்து வாத்தைப் பிடித்துக்கொண்டேன். என் வேலைக்காலத்தில் வாத்தின் பின்னால் நான் ஓடியது அந்த ஒரு முறைதான். பொன்னுசாமி கோரையை விலக்கினார்.

செத்துப்போன ஆட்டுக்குட்டி. பாதி சேற்றில், பாதி வெளியே. உடம்பு முழுக்கப் புழு.

"இது நம்ம காணாம்போன குட்டியாச்சே" என்றார் பொன்னுசாமி மெல்ல.

"இந்தப் புழுவைத்தான் தின்னுருக்கு. அழுகின உடம்போட நஞ்சு புழுவுல ஏறியிருக்கு" என்றார் டாக்டரம்மா.

ஊர்க்கவுண்டர் சட்டென்று ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கேட்டதும் நியாயம்தான். "வாத்து நெதமும் புழுவுந்தானுங்க திங்குது. அதுல சாகுமா? அவன் கொல்றேன்னு சொன்னத ஊரே கேட்டிருக்குது. எப்படியும் நாளைக்கு ஊர் கூடும். அதுக்குள்ள என்ன ஆகுதுன்னு பார்க்கலாமுங்க." குட்டியை ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார். அன்று பட்டியில் கிடந்த முட்டைகளையும் டாக்டரம்மா அதோடு புதைக்கச் சொல்லிவிட்டார்.

வாத்துகளை ஊற்றங்கரை நிழலுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். வைத்தியம் எளிதானதுதான். முதலில் பேதி உப்பைக் கரைத்துக் கொஞ்சம் புகட்ட வேண்டும். பிறகு நல்ல தண்ணீரைப் பாலாடையால் சொட்டுச் சொட்டாக, விட்டு விட்டு, நாள் முழுக்கக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தலையைக் கையில் நிமிர்த்திப் பிடித்திருக்க வேண்டும். பிடி தளர்ந்தால் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு வாத்தைத்தான் மடியில் வைத்துக்கொள்ள முடியும். நானும் டாக்டரம்மாவும் பொன்னுசாமியும் வெள்ளையம்மாவும் உட்கார்ந்தோம். கை போதவில்லை. ஊரார் யாரும் முன்வரவில்லை.

பலாமரத்தடியிலிருந்து சடையன் எழுந்து வந்தார். ஊற்றில் கையைக் கழுவிக்கொண்டு, கிடந்ததில் ஒரு வாத்தைத் தூக்கினார்.

"அவன் தொடக்கூடாது!" வெள்ளையம்மா அலறினாள். "கொன்னவன் கையில குடுக்கறீங்களா?"

சடையனின் கை நடுங்கியது. வாத்தைக் கீழே வைக்கவில்லை.

"நான் வாயில சொன்னேன், கையில செய்யலை" என்றார். "டாக்டரம்மா, இது செத்தா நானுஞ் செத்த மாதிரிங்க. என்ன பண்ணணும்னு சொல்லுங்க."

டாக்டரம்மா வெள்ளையம்மாவைப் பார்த்தார். "எனக்குக் கை வேணும் கண்ணு. நீ அவர் பக்கத்துலயே உட்காரு. அவர் கையையே பார்த்துட்டு இரு." பிறகு ஒரு பாலாடையை எடுத்துச் சடையனிடம் கொடுத்து, வாத்தின் அலகைக் கட்டைவிரலால் எப்படித் திறப்பது என்று காட்டினார். "பொழைச்சுக்கும். விடாம குடுங்க" என்றார்.

அன்றைக்குப் பகல் முழுவதும், தன்மேல் பழி போட்டவளுக்கு அருகில் உட்கார்ந்து சடையன் அவள் வாத்துக்குத் தண்ணீர் புகட்டினார். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன அந்த விரல்களுக்குப் பாலாடை பிடிபடவே கொஞ்ச நேரம் ஆயிற்று. வெள்ளையம்மா அவர் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மத்தியானத்துக்குமேல் ஒரு தடவை, "தலைய இன்னுங் கொஞ்சம் தூக்கிப் புடிங்க" என்றாள். 'புடிங்க' என்று அவள் மரியாதையாகச் சொன்னதைக் கவனித்தவள் நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன். சாயங்காலம் குப்பாயியின் மருமகள் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு அந்த ஊரில்தான் தாய்வீடு. அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள்.

இருட்டியதும் வாத்துகளை வைக்கோல் பரப்பிய கூடைகளில் வைத்து, தலை சாயாமல் வைக்கோல் சுருளால் முட்டுக்கொடுத்தோம். விடிந்து பார்த்தபோது இரண்டு செத்திருந்தன. பொன்னுசாமி ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்த வாத்தும் செத்துவிட்டது என்று அங்கிருந்து ஆள் வந்து சொன்னான். சடையன் அந்த இரண்டையும் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடியும் மிச்சத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். வெயில் ஏறிக்கொண்டே போனது. ஊர் கூடுகிற நேரம் நெருங்கியது. ஆண்கள் தோளில் துண்டோடு ஒவ்வொருவராக வந்து ஊற்றுக்கு மேலே பாறையில் உட்கார்ந்தார்கள். கவுண்டரும் வந்துவிட்டார். என் மடியில் இருந்தது கால் விரலைக் கொஞ்சம் அசைத்த மாதிரி இருந்தது. சொல்லப் பயந்து, இன்னொரு பாலாடைத் தண்ணீர் புகட்டினேன்.

"ஆவ்!" என்று ஒரு சத்தம்.

சடையன் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். பாலாடை தெறித்து உருண்டது. அவர் மடியிலிருந்த வாத்து தரையில் தடுமாறி விழுந்து, கழுத்தை வளைத்துத் தூக்கி, ஆடிக்கொண்டே நின்றது. மறுபடி சரிந்தது. மறுபடி தூக்கியது.

"கடிச்சுப்போடுச்சுங்க!" அந்தப் பெரிய மனிதர் கட்டைவிரலை ஊருக்கே தூக்கிக் காட்டினார். "அம்மா, என்னையக் கடிச்சுப்போடுச்சுங்க!" சொல்லிக்கொண்டே அழுதார். அழுகையும் சிரிப்பும் கலந்து தாடியெல்லாம் நனைந்தது.

முதலில் சிரித்தவள் வெள்ளையம்மா. பிறகு பாறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குள் இன்னும் மூன்று தலை தூக்கின. ஊர்க்கவுண்டர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வெஷம் வெச்சவன் பொழைக்க வெக்க மாட்டான். போங்க, அவங்கவங்க வேலையப் பாருங்க."

ஊர் கலைந்தது. வெள்ளையம்மா சடையன் முன்னால் வந்து நின்றாள். மன்னிப்பு என்ற வார்த்தையெல்லாம் அவர்களுக்குள் கிடையாது. "இனிமேட்டுக்கு உங்க நாத்துல எங்க வாத்து வராதுங்க" என்றாள்.

சடையன் விரலைச் சூப்பிக்கொண்டே யோசித்தார். "நாத்து வேர் புடிக்கற வரைக்கும் வேண்டாங் கண்ணு. அப்பறம் வரட்டும். பூச்சி பொறுக்கட்டும்."

திரும்பி வரும்போது டாக்டரம்மா பாதி வழியில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் சேறு, புடவையெல்லாம் வாத்து எச்சம். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"ராசம்மா, அதுங்க பொழைக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பொழைச்சுக்கும்னு நீங்கதானுங்களேம்மா சொன்னீங்க?"

"வேற என்ன சொல்லச் சொல்றே? அவர் கை நடுங்கினதைப் பார்த்தியா?"

தெரியாததைத் தெரியும் என்று அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பள்ளத்தாக்கிலிருந்து காற்று குளிர்ச்சியாக ஏறி வந்தது. அவர் திடீரென்று கட்டைவிரலைத் தூக்கி, "கடிச்சுப்போடுச்சுங்க" என்றார். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக ஆளுக்கு ஒரு டம்ளர் மோர் குடித்தோம். திட்டு இல்லாமல் நான் குடித்த முதல் மோர் அதுதான்.

வாத்துகளை யாரும் திருப்பித் தரவில்லை. தேவனூர் நாட்டிலிருந்து பெண்கள் எப்போதும்போலப் பிரசவத்துக்கு வந்தார்கள். மழை பிடித்த பிறகு ஒரு நாள் நான் கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. சடையன். தோளில் ஒரு வாழைத்தார், கையில் காலிக் கூடை. வாழைத்தாரை இறக்கி வைத்துவிட்டு, வாத்துகளை ஒவ்வொன்றாக வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, பிள்ளை பெத்தவங்களுக்கு மட்டுந்தான் குடுப்பீங்களா? எனக்கும் ரெண்டு குடுங்கம்மா" என்றார். சொல்லிவிட்டு ஒரு அடி முன்னால் வந்து, மற்ற வாத்துகளுக்குக் கேட்டுவிடுமோ என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

"கடிக்காத வாத்தாப் பார்த்துக் குடுங்க."

அப்படி ஒரு வாத்து எங்களிடம் இல்லை. இருந்ததில் நல்லதாக இரண்டைப் பிடித்துக் கூடையில் வைத்துக் கொடுத்தேன்.